வேலியை முதலில் உடைத்தவர்கள்

வியட்நாம் பற்றிப் பேச்சு வந்தால் என் நண்பர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "மத்தியத் திட்டமிடலைத் தூக்கிப் போட்டார்கள், சந்தையைத் திறந்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள்" என்பது ஒரு தரப்பு. "அமெரிக்காவையே விரட்டிய நாடு, கடைசியில் காசுக்கு வளைந்துகொடுத்துவிட்டது" என்பது இன்னொரு தரப்பு. வாதம் எவ்வளவு சூடானாலும் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டு தரப்புக்கும் தகராறு கிடையாது. 1986 டிசம்பரில் ஹனோயில் கம்யூனிஸ்ட் கட்சியின் ஆறாவது மாநாடு கூடியது, தலைவர்கள் 'தோய் மோய்' சீர்திருத்தத்தை அறிவித்தார்கள், அன்றிலிருந்து நாடு மாறியது என்பதுதான் அது. வென்றது என்பவர்களுக்கும் விற்றது என்பவர்களுக்கும் செய்தது தலைவர்கள்தான். மக்கள் வெறுமனே மாற்றப்பட்டவர்கள்.

இந்தக் கதை எனக்குப் பல வருடங்களாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இடதுசாரிப் பேச்சு நிறைந்த வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த நாட்டின் மீது எனக்குப் பாசம் உண்டு, அதை மறைக்கவும் போவதில்லை. அந்தப் பாசத்தினாலேயே இந்தக் கதையை ஏற்க முடியவில்லை. ஏனென்றால், எதை விளைவிப்பது, என்ன விலைக்கு விற்பது என்று எல்லாவற்றையும் அரசே தீர்மானித்த அந்தத் திட்டமிடல் வேலி 1986-க்கு முன்பே பல இடங்களில் உடைந்திருந்தது. உடைத்தவர்களில் பலருக்கு அதற்காகத் தண்டனையும் கிடைத்திருந்தது.

அரிசிப் புத்தகம்

வேலை விஷயமாக ஹனோயில் சில காலம் தங்கியிருந்தேன். என்னோடு வேலை பார்த்த பெண் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு அழைத்தாள். அவளுடைய அம்மா ஒரு அரசு நெசவாலையில் வேலை பார்த்தவர். சாப்பிட்டு முடித்ததும் பேச்சு பழைய காலத்துக்குத் திரும்பியது. மகள் மொழிபெயர்க்க, அந்த அம்மா ரேஷன் வரிசையைப் பற்றிச் சொன்னார். விடிவதற்கு முன்பே போய்க் கடை வாசலில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு வர வேண்டுமாம். செங்கல்லில் பெயர் எழுதியிருக்கும். அந்தக் கல்தான் வரிசையில் நிற்கும் ஆள். கல் இல்லாதவர்கள் பிய்ந்த செருப்பையோ பழைய கூடையையோ வைப்பார்கள். கடை திறக்கிற நேரத்தில் ஓடி வந்து, கல் நிற்கும் இடத்தில் ஆள் நிற்க வேண்டும். கல்லை யாராவது பின்னால் தள்ளி வைத்துவிட்டால் அங்கேயே சண்டைதான்.

அரிசிப் புத்தகம் என்று ஒன்று வீட்டுக்கு வீடு இருந்தது. அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவருக்கு மாதம் 13 கிலோ. அதிலும் முழுக்க அரிசி கிடைக்காது. சோளமோ, கிழங்கோ, கோதுமை மாவோ கலந்துதான் வரும். புத்தகம் தொலைந்தால் குடும்பம் பட்டினி. முகம் வாடி உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து "அரிசிப் புத்தகத்தைத் தொலைத்துவிட்டாயா" என்று கேட்பது ஹனோய்ப் பேச்சில் இன்றும் உண்டு. அடுக்குமாடிக் குடியிருப்பில் குளியலறைக்குள் பன்றி வளர்த்ததையும் அந்த அம்மா சொன்னார். சம்பளத்தைவிடப் பன்றியை நம்பித்தான் பலர் குடும்பம் நடத்தினார்களாம். யார் எங்கே வாங்கலாம் என்பதற்கும் படிநிலை இருந்தது. அதைப் பற்றி ஊரில் ஒரு பாட்டே சுற்றியது: தோன் தான் தெருக் கடை ராஜாக்களுக்கும் மந்திரிகளுக்கும், வான் ஹோ கடை இடைத்தட்டுத் துதிபாடிகளுக்கும், தோங் ஸுவான் சந்தை வியாபாரிகளுக்கும், நடைபாதை வீரமிக்க மக்களுக்கும். சமத்துவத்துக்காக உயிரைக் கொடுத்த ஒரு தலைமுறை இதைப் பாடியது என்பதை என்னால் இலேசாகக் கடந்துபோக முடியவில்லை.

அப்புறம் நான் 1986 பற்றிக் கேட்டேன். மாநாடு நடந்தபோது எப்படி இருந்தது, மாற்றம் வருகிறது என்று தெரிந்ததா என்று. அவருக்கு அந்த மாநாடு பற்றி எந்த நினைவும் இல்லை. அவருக்கு நினைவிருந்தது 1985 செப்டம்பர். ஒரு நாள் திடீரென்று பழைய நாணயத்தில் பத்து தோங் இனி புதிய ஒரு தோங் என்று அறிவித்தார்கள். வரம்புக்கு மேல் இருந்த பணம் உடனே கைக்கு வரவில்லை. சேர்த்து வைத்திருந்தவர்கள் கதறினார்கள். அதன் பிறகு விலைகள் ஏறிய வேகத்தில் மாநாடு என்ன, எதுவுமே காதில் விழவில்லை என்றார். 1986-இல் பணவீக்கம் 774 சதவீதம். காலையில் இருந்த விலை மாலையில் இல்லை. வீட்டின் விலையைத் தங்கத்தில்தான் பேசினார்கள். நாம் 'திருப்புமுனை' என்று எழுதும் ஆண்டு, அதில் வாழ்ந்தவருக்கு வெறும் கெட்ட வருடம்.

அப்படியானால் திருப்புமுனை எங்கே இருந்தது? எனக்குக் கிடைத்த விடை, மாநாட்டுக்கு இருபது ஆண்டுகள் முன்னால், வடக்கே ஒரு மாகாணத்தில் தொடங்குகிறது.

வின் ஃபுக்கில் நடந்தது

ஹனோய்க்கு வடமேற்கே இருந்தது வின் ஃபுக் மாகாணம். 2025-இல் அதை ஃபூ தோ மாகாணத்தோடு இணைத்துவிட்டார்கள். 1960-களில் அங்கே கட்சிச் செயலாளராக இருந்தவர் கிம் நோக். அதிகம் படிக்காத, ஏழை விவசாயக் குடும்பத்து மனிதர். அப்போது வடக்கு முழுக்கக் கூட்டுறவுப் பண்ணைகள். நிலம், மாடு, ஏர் எல்லாம் பொது. காலையில் தொங்கவிட்ட இரும்புத் துண்டைத் தட்டி ஒலி எழுப்புவார்கள். அந்தச் சத்தத்துக்கு ஊரே வயலுக்குப் போக வேண்டும், மறுபடி தட்டும்போது திரும்ப வேண்டும். எவ்வளவு வேலை செய்தாய் என்பதற்கு வேலைப் புள்ளி போடுவார்கள். அறுவடை முடிந்து அரசுக்கும் கூட்டுறவுக்கும் போக மிச்சமிருப்பதைப் புள்ளிக்கு ஏற்பப் பிரிப்பார்கள். புள்ளி என்பது வயலில் நிற்கும் நேரத்துக்குத்தான், விளைச்சலுக்கு அல்ல. நாற்றை ஆழமாக நட்டாலும் மேலாக நட்டாலும் ஒரே புள்ளி. "ஒவ்வொருவரும் இரண்டு பேர் வேலை செய்வோம், தலைவர் ரேடியோவும் வண்டியும் வாங்கட்டும்" என்று ஒரு பாட்டு ஊர் ஊராகச் சுற்றியது. அரசாங்கத்தின் முழக்கத்தையே எடுத்து விவசாயிகள் கட்டிய பாட்டு அது.

அதே ஊர்களில் இன்னொரு காட்சியும் இருந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வீட்டுத் தோட்டமாக வைத்துக்கொள்ளக் கூட்டுறவு நிலத்தில் ஐந்து சதவீதம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தத் துண்டு நிலத்தில் காய்கறியும் கிழங்கும் செழித்து நின்றன. குடும்ப வருமானத்தின் பெரும்பகுதி அதிலிருந்துதான் வந்தது. மண்ணும் தண்ணீரும் கைகளும் ஒன்றேதான். வரப்புக்கு இந்தப் பக்கம் ஒரு பயிர், அந்தப் பக்கம் ஒரு பயிர். இதைப் பார்க்கப் பொருளாதாரம் படித்திருக்க வேண்டியதில்லை. வயலோரம் நடந்தால் போதும். கிம் நோக் நடந்தார்.

1966 செப்டம்பரில் அவர் தலைமையிலான மாகாணக் கட்சிக் குழு 68-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றியது. நிலம் கூட்டுறவின் உடைமையாகவே இருக்கும். ஆனால் வேலையைக் குடும்பங்களுக்குக் குத்தகை போலப் பிரித்துக் கொடுக்கலாம். இவ்வளவு விளைச்சல் தர வேண்டும் என்று ஓர் அளவு. அதற்கு மேல் வருவதில் குடும்பத்துக்கும் பங்கு. அவ்வளவுதான். தனியுடைமையை யாரும் கேட்கவில்லை. தன் உழைப்பில் கூடுதலாக விளைவது தன் வீட்டுக்கு வர வேண்டும் என்பது மட்டுமே கோரிக்கை. அமெரிக்கக் குண்டுகள் விழுந்துகொண்டிருந்த, இளைஞர்கள் எல்லாம் போர்முனைக்குப் போயிருந்த காலத்தில், பெண்களையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு நெல்லை விளைவிக்க வேண்டிய நெருக்கடி அவருக்கு. திட்டம் வேலை செய்தது. ஊர்கள் ஒவ்வொன்றாக அதற்கு மாறின.

1968 நவம்பரில் கட்சியின் மூத்த தலைவர்களில் ஒருவரான ட்ரூங் சின் அந்த மாகாணத்துக்கே வந்து கட்சி ஊழியர்கள் முன்னால் பேசினார். குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுப்பது கூட்டுறவைக் கலைப்பதற்குச் சமம், தனித்தனி விவசாயத்துக்கே திரும்பிப் போவது என்று கடுமையாகக் கண்டித்தார். அடுத்த மாதம் மேலிடத்திலிருந்து தடை வந்தது. கிம் நோக் சுயவிமர்சனம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. அது கட்சியின் கோட்பாட்டு இதழிலும் வந்தது. பதவியில் அவர் தொடர்ந்தார், ஆனால் அவருடைய திட்டம் முடிந்துபோனது. 1979-இல் அவர் இறந்தார்.

தடை போட்ட பிறகும் அது சாகவில்லை. வியட்நாமியர்கள் 'வேலி உடைப்பு' என்று சொல்லும் வேலை ஊர் ஊராக ரகசியமாக நடந்துகொண்டுதான் இருந்தது. ஹாய்ஃபாங் அருகே தோவான் ஸா என்ற ஊரில் 1977-இல் உள்ளூர்க் கட்சிக்காரர்களே கூடி, வெளியே சொல்வதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டு, வயலைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். தெற்கே நிலைமை வேறு. சைகோன் கைப்பற்றப்பட்டு ஹோ சி மின் நகரமான சில ஆண்டுகளிலேயே அங்கே அரிசிப் பஞ்சம். உலகின் மிகச் செழிப்பான நெல் வயல்களில் ஒன்றான மேகோங் டெல்டா பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் நகரத்தில் மக்கள் சோளம் தின்றார்கள். காரணம் எளிது. அரசு கொடுத்த கொள்முதல் விலை கிலோவுக்கு அரை தோங் அளவுதான். வெளியே அதைப்போல ஐந்து மடங்கு விலை. விவசாயி விற்க மறுத்தார். தனியார் யாரும் ஒரு மாகாணத்திலிருந்து இன்னொன்றுக்கு அரிசி கொண்டுபோகாதபடி சாலைதோறும் சோதனைச் சாவடிகள். அப்போது நகரத்துக் கட்சிச் செயலாளராக இருந்த வோ வான் கியெட் ஒரு முடிவுக்கு வந்தார். பா தி என்று அழைக்கப்பட்ட, முன்னாள் புரட்சிப் போராளியான ஒரு பெண்மணியிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். அவர் டெல்டாவுக்குப் போய் வெளிச்சந்தை விலையிலேயே நெல்லை வாங்கி நகரத்துக்குக் கொண்டுவந்தார். அரசு ஆட்களே அரசு விதியை மீறி, அரசின் சோதனைச் சாவடிகளைத் தாண்டி அரிசி கொண்டுவந்தார்கள். நகரம் சாப்பிட்டது.

சரி, மேலே இருந்தவர்கள் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொண்டார்கள்? ஒரு பகுதியை அனுமதித்தார்கள். 1981 ஜனவரியில் வந்த 100-ஆம் எண் ஆணை குடும்பக் குத்தகையை நாடு முழுக்கச் சட்டபூர்வமாக்கியது. விளைச்சல் ஏறியது. ஆனால் கொஞ்ச வருடத்தில் அரசுக்குத் தர வேண்டிய அளவை ஏற்றிக்கொண்டே போனார்கள். விவசாயிக்கு மிஞ்சுவது மறுபடி சுருங்கியது. பலர் வயலைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

எழுபத்தொன்பது வயதில்

நான் அதிகம் யோசிப்பது ட்ரூங் சின்னைப் பற்றித்தான். 1950-களின் நிலச் சீர்திருத்தத்தில் நடந்த அத்துமீறல்களுக்குப் பொறுப்பேற்று, 1956-இல் கட்சிப் பொதுச்செயலாளர் பதவியை விட்டவர் அவர். 1968-இல் கிம் நோக்கின் திட்டத்தை முறித்தவர். கோட்பாட்டில் கட்சியின் மிக உறுதியான ஆள் என்று பெயர் எடுத்தவர். அப்படிப்பட்டவர் 1980-களின் தொடக்கத்தில் தன்னைச் சுற்றி ஒரு பொருளாதார ஆய்வுக் குழுவை அமைத்துக்கொண்டார். அறிக்கைகளை மட்டும் நம்பாமல் நேரில் பார்க்கப் போனார். மத்தியப் பீடபூமிக்கும் தெற்குக்கும் பயணம் போனார். 1983 ஜூலையில் தாலாத் மலைநகரத்தில் ஒரு சந்திப்பு நடந்தது. அவரோடு இன்னும் சில மூத்த தலைவர்களும் அங்கே இருந்தார்கள். ஹோ சி மின் நகரத்திலிருந்து, விதியை மீறித் தொழிற்சாலையை ஓட்டிக்கொண்டிருந்த மேலாளர்களை, அப்போது அந்த நகரத்துக் கட்சிச் செயலாளராக இருந்த நுயென் வான் லின் கூட்டிக்கொண்டு போனார். மேலாளர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் கதையைச் சொன்னார்கள். பருத்தியும் உதிரிபாகமும் அரசிடமிருந்து வராதபோது எங்கிருந்து கொண்டுவந்தோம், தொழிலாளிக்குக் கூலி எப்படிக் கொடுத்தோம், எந்த விதியை மீறினோம் என்று.

அந்த அறையைக் கற்பனை செய்துபார்க்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் விதிமீறலைக் கண்டித்தே பெயர் எடுத்தவர். அவர் முன்னால் போய் "ஆமாம், மீறினோம்" என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும். கேட்கிறவருக்கும் அது சுலபமில்லை. தான் வாழ்நாள் முழுக்க எழுதியதும் பேசியதும் மக்களைப் பசியில் வைத்திருக்கிறது என்பதை எழுபது வயதுக்கு மேல் உள்வாங்கிக்கொள்ள வேண்டும்.

1986 ஜூலையில் கட்சிப் பொதுச்செயலாளர் லெ துவான் இறந்தார். ட்ரூங் சின் மறுபடி பொதுச்செயலாளர் ஆனார். வயது எழுபத்தொன்பது. மாநாட்டுக்கு அரசியல் அறிக்கை ஏற்கெனவே தயாராகிக்கொண்டிருந்தது. பழைய பாதையின் தொனியிலேயே இருந்த அதை ஒதுக்கிவைத்துவிட்டு, மாநாட்டுக்குச் சில மாதங்களே இருந்த நிலையில் புதிதாக எழுதச் செய்தார். உண்மையை நேருக்கு நேர் பார்க்க வேண்டும், சரியாக மதிப்பிட வேண்டும், வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அந்த அறிக்கை பேசியது. மாநாட்டில் அதைப் படித்துவிட்டு அவர் பதவியிலிருந்து விலகினார். நுயென் வான் லின் பொறுப்பேற்றார்.

ஒரு மனிதர் கடைசி வயதில் இப்படி மாறியது பெரிய விஷயம் என்றுதான் நினைக்கிறேன். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் 1968-க்கும் 1986-க்கும் நடுவில் பதினெட்டு ஆண்டுகள். செங்கல் வைத்து நின்ற வரிசைகளும், மாவு கலந்த அரிசியும் அந்தப் பதினெட்டு ஆண்டுகளுக்குள்தான் இருக்கின்றன. போர் இல்லையா, தடை இல்லையா, அமெரிக்காவின் பொருளாதார முற்றுகை இல்லையா என்று என் தோழர்கள் கேட்பார்கள். இருந்தன. கம்போடியப் போரும், 1979-இல் சீனாவோடு நடந்த போரும் இருந்தன. அத்தனையும் இருந்தும் வின் ஃபுக்கின் ஐந்து சதவீத நிலத்தில் காய்கறி விளைந்தது. அதே போர், அதே குண்டு, அதே மனிதர்கள். இதற்கு என் தோழர்கள் யாரும் எனக்குத் திருப்தியான பதில் சொன்னதில்லை.

மாநாடு முடிந்தும் பசி போகவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1987-இலும் 1988-இலும் பணவீக்கம் 300 சதவீதத்துக்கு மேல். 1988 தொடக்கத்தில் வடக்கு மாகாணங்களில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் இருந்தார்கள். வெளிநாட்டிலிருந்து அரிசி இறக்கினார்கள். அந்த ஏப்ரலில் 10-ஆம் எண் தீர்மானம் வந்தது. நிலத்தை நீண்ட காலத்துக்குக் குடும்பங்களிடமே விட்டது. ஒப்பந்த விளைச்சலில் குறைந்தது நாற்பது சதவீதமாவது குடும்பத்துக்கு மிஞ்ச வேண்டும் என்றது. கிம் நோக் கேட்டது, அதைவிடக் கூடுதலாகவே, சட்டமாக வந்தது. அடுத்த ஆண்டு விலைக் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை எடுத்தார்கள். சேமிப்புக்கு மாதம் 12 சதவீத வட்டி கொடுத்து ஜனங்களின் கையில் இருந்த பணத்தை வங்கிக்கு இழுத்தார்கள். பணவீக்கம் சட்டென்று இறங்கியது. 1989-இல் வியட்நாம் சுமார் 14 லட்சம் டன் அரிசி ஏற்றுமதி செய்தது. ஒரு வருடம் முன்பு இறக்குமதி செய்த நாடு. ட்ரூங் சின் 1988 செப்டம்பரில் இறந்துவிட்டார், இதைப் பார்க்கவில்லை.

சந்தையைக் கொண்டாடும் என் நண்பர்களிடம் சொல்ல வேண்டியதும் உண்டு. அந்த அம்மாவின் நெசவாலை 1990 வாக்கில் ஆட்களைக் குறைத்தது. சேவை செய்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று கணக்குப் பார்த்து மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வீட்டுக்குப் போனவர்களில் நிறையப் பேர் பெண்கள். அந்தப் பணத்தில் அவர் ஒரு தையல் மிஷின் வாங்கினார். தோழி ஒருத்தி அதிக வட்டிக்கு ஆசைப்பட்டுக் கடன் கூட்டுறவு ஒன்றில் போட்டாராம். 1990-இல் நாடு முழுக்க அப்படிப்பட்ட சங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தபோது அதுவும் போனது. 1989-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் வந்தது. பள்ளிக்கும் பணம் கட்ட வேண்டியிருந்தது. கூட்டுறவை நம்பி நடந்த கிராமத்துச் சுகாதார நிலையங்கள் பல இடங்களில் ஆளும் மருந்தும் இல்லாமல் நின்றன. வயல் கைக்கு வந்தவர்களும் வைத்தியத்துக்குக் கடன் வாங்கும் நிலைக்கு வந்தார்கள். அரிசிப் புத்தகத்தோடு சேர்த்து வேறு சிலவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அவற்றை எடுத்திருக்க வேண்டியதில்லை. விவசாயி கேட்டது தன் வயலின் விளைச்சலில் ஒரு பங்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் காசு கட்ட வேண்டும் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்கவில்லை.

நிலம் யாருடையது

1993 நிலச் சட்டம் குடும்பங்களுக்கு நிலத்தை மாற்றவும், குத்தகைக்கு விடவும், பிள்ளைகளுக்குக் கொடுக்கவும், அடமானம் வைக்கவும் உரிமை தந்தது. பயிர் நிலத்துக்கு இருபது ஆண்டுகள். ஆனால் உடைமை இன்றுவரை 'முழு மக்களுக்கும்' சொந்தம். அதை நிர்வகிப்பது அரசு. தொழிற்பேட்டையும் கோல்ஃப் மைதானமும் அடுக்குமாடியும் வந்தபோது இந்த வாசகத்துக்குப் புது உபயோகம் வந்தது. வயலைக் குறைந்த இழப்பீட்டுக்கு எடுத்து, நிறுவனங்களுக்குக் கொடுக்க அது வழி செய்தது. 2012 ஜனவரியில் ஹாய்ஃபாங்கின் தியென் லாங் மாவட்டத்தில் தோவான் வான் வூன் என்ற மீன் பண்ணை விவசாயியின் நிலத்தைப் பறிக்கப் போலீஸும் ராணுவமும் போனபோது, அவருடைய குடும்பம் நாட்டுவெடியும் துப்பாக்கியும் வைத்து எதிர்த்தது. கடலோரச் சேற்றைப் பல வருடம் பாடுபட்டு அவர் பண்ணையாக மாற்றியிருந்தார். நிலத்தை எடுத்தது சட்டவிரோதம் என்று பிரதமரே பிறகு சொன்னார். ஆனாலும் அவருக்கு ஐந்து ஆண்டு சிறை. ரகசியமாக வயலைப் பிரித்துக் கொடுத்த தோவான் ஸா ஊரும் இதே ஹாய்ஃபாங்கில்தான் இருக்கிறது.

2013-இல் சட்டத்தைத் திருத்தி இருபது ஆண்டை ஐம்பது ஆக்கினார்கள். பொருளாதார வளர்ச்சிக்காக நிலத்தை எடுக்கும் அதிகாரத்தை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். அதற்கு முன்பே, 2009-இல், கிம் நோக்குக்கு அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து ஹோ சி மின் விருதை அளித்துக் கௌரவித்தார்கள். நல்லது, அவருக்கு அது சேர வேண்டியதுதான். ஆனால் வின் ஃபுக்கின் நெல் வயல்களில் ஒரு பகுதி இன்று மோட்டார் தொழிற்சாலைகளாக நிற்கிறது. அந்த வயல்களை விட்டுக்கொடுத்தவர்களிடம் என்ன கேட்டார்கள், என்ன கொடுத்தார்கள் என்று என் நண்பர்கள் இரண்டு தரப்பும் ஒரு முறையாவது விசாரிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.